கேபிளில் தங்கம் எதற்கு?

கேபிள் கோளாறு என்று இந்த மாதத்தில் நான் பார்க்கும் மூன்றாவது சுவர் இது. புதுமனை புகுவிழாவுக்குக் கட்டிய மாவிலைத் தோரணம்கூட இன்னும் முழுதாகக் காயவில்லை. "அண்ணே, 4கே படம் ஓடும்போது நிமிடத்துக்கு ஒருமுறை திரை கறுத்துப் போகிறது. டிவியை மாற்றித் தரச் சொல்லலாமா?" என்று கேட்டார் வீட்டுக்காரர். செட்டாப் பாக்ஸை 4கேவுக்குக் கீழே உள்ள 1080 தரத்துக்கு இறக்கினேன். படம் ஆடாமல் நின்றது. டிவியில் குறையில்லை. பாக்ஸிலிருந்து டிவிக்குப் படத்தையும் ஒலியையும் கொண்டுபோகும், சுவருக்குள் பூசி மூடிய 15 மீட்டர் எச்டிஎம்ஐ கேபிள்தான் காரணம். பத்திரமாக வைத்திருந்த அட்டைப்பெட்டியைக் கொண்டுவந்து காட்டினார்: "2.1 வெர்ஷன், 8கே, 24 காரட் தங்க முலாம்."

வெர்ஷன் எண் கருவிகளுக்கு உரியது, கேபிளுக்கு அல்ல. கேபிளுக்கு வேகம்தான் கணக்கு. ஹை ஸ்பீட் என்றால் வினாடிக்கு 10.2 கிகாபிட், பிரீமியம் ஹை ஸ்பீட் 18, அல்ட்ரா ஹை ஸ்பீட் 48. வினாடிக்கு 60 பிரேம் ஓடும் 4கே படத்துக்கு ஏறக்குறைய 18 வேண்டும். 1080க்கு 5 போதும். அதனால்தான் அதே வயர் 1080ஐ முணுமுணுக்காமல் காட்டியது.

இனி அந்தத் தங்கம். துருப்பிடிக்காது, கடற்கரை வீடுகளில் பிளக்கில் உள்ள உலோகப் பின்களுக்கு நல்லது. அவ்வளவுதான். படத்துக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. மொட்டைமாடி ஆன்டெனா காலத்தில் சிக்னல் மங்கினால் படமும் மங்கும்; அந்த நினைப்பு இன்னும் நம்மை விடவில்லை. எச்டிஎம்ஐயில் போவது ஒன்றும் பூஜ்யமும். ஒன்று ஒன்றாகவே வந்து சேர்ந்தால் 300 ரூபாய் கேபிளிலும் 5,000 ரூபாய் கேபிளிலும் சிவப்பு ஒரே சிவப்புதான். சேராவிட்டால் வெள்ளைப் பொட்டுகள் மின்னும், அல்லது திரை கறுக்கும். "கொஞ்சம் கூடுதல் பளிச்" என்று ஒரு நிலையே கிடையாது. விலையுயர்ந்த கேபிள் மாட்டியதும் நிறம் ஏறிவிட்டதாக ஒருவர் அடித்துச் சொன்னார். போய்ப் பார்த்தால், கேபிளை வேறு போர்ட்டில் செருகியிருக்கிறார். அந்தப் போர்ட்டில் பிக்சர் மோடு, நிறத்தைத் தூக்கிக் காட்டும் 'விவிட்'!

வீடு கட்டுகிறவர்களே, கேபிளை நேரடியாகப் பூசாதீர்கள். சுவரில் காடி எடுக்கும்போதே பிளக்கின் தலை நுழையும் அகலத்தில் பைப் போடச் சொல்லுங்கள். சட்டென்று திரும்பும் எல்போ வேண்டாம், நீள வளைவுள்ள பெண்ட் போதும். கேபிளை இழுக்க உள்ளே ஒரு நைலான் கயிறும் கிடக்கட்டும். 5 மீட்டரைத் தாண்டினால் 4கேவுக்குச் சாதாரணச் செம்புக் கேபிளை நம்பாதீர்கள், ஒளியிழையில் சிக்னல் போகும் ஆப்டிகல் எச்டிஎம்ஐ கேபிள் வாங்குங்கள். அதற்குத் திசை உண்டு: ஒரு முனை பாக்ஸுக்கு, மறுமுனை டிவிக்கு. மாற்றி இழுத்துவிட்டுப் படமே வரவில்லை என்று இரவு பத்து மணிக்கு என்னை அழைக்கிறார்கள். பைப்புக்குள் விடுமுன் தரையில் விரித்து, 4கே படத்தை அரை மணி நேரம் ஓட விடுங்கள். சவுண்ட்பாரை எச்டிஎம்ஐயில் இணைக்க, டிவியில் ஏஆர்சி (டிவியின் ஒலியை வெளியே அனுப்பும் வழி) என்று எழுதிய போர்ட் மட்டும்தான்.

அல்ட்ரா ஹை ஸ்பீட் கேபிள் பெட்டியில் சான்று லேபிளும் கியூஆர் குறியும் இருக்கும். தயவுசெய்து அதற்குரிய செயலியில் ஸ்கேன் செய்து, சரி என்று வந்த பிறகு பணத்தை எடுங்கள்.