பீலித் தண்ணீரிடம் கேட்க வேண்டிய கேள்வி

எங்கள் லயத்துப் பீலிக்குத் தண்ணீர் தேயிலை மலைக்கு நடுவிலிருந்து வருகிறது. மேலே புல்லுக்கு மருந்து அடிக்கும் நாளில் அம்மா, "இன்னைக்குப் பீலித் தண்ணி வேணாம்" என்பார். சரி, நாளைக்கு? மழை பெய்தால்? அதற்கு வீட்டில் யாரிடமும் பதில் இருந்ததில்லை.

அந்தத் தண்ணீரை ஆய்வுகூடத்துக்குக் கொண்டுபோனால் இரண்டு விதமாகச் சோதிக்கலாம். இன்ன இரசாயனம் இருக்கிறதா என்று தேடுவது ஒன்று. கருவி அளவைத் துல்லியமாகச் சொல்லும். ஆனால் நாம் தேடாத எதைப் பற்றியும் பேசாது. இந்தத் தண்ணீர் உடம்புக்குள் என்ன செய்யும் என்று உயிருள்ள கலத்திடமே கேட்பது மற்றது. ஓமோன்களைக் குழப்பும் இரசாயனங்களைப் பொறுத்தவரை இரண்டாவது கேள்வியைத்தான் முதலில் கேட்க வேண்டும் என்பேன்.

ஓமோன் இரத்தத்தோடு போகும் ஒரு செய்தி. கலத்தில் அதை ஏற்றுக்கொள்ளும் புரதத்துக்கு வாங்கி என்று பெயர். சில இரசாயனங்கள் ஓமோனைப் போலவே வாங்கியில் பொருந்தி, வராத செய்தியை வந்ததாக்கிவிடும். வேறு சில இடத்தை அடைத்துக்கொண்டு, வந்த செய்தியைத் தடுத்துவிடும்.

இதைக் கண்டுபிடிக்க, பாண் மாவைப் பொங்க வைக்கும் அதே மதுவம் உதவுகிறது. இங்கிலாந்தில் ரவுட்லெட்ஜ், சம்ப்டர் என்ற இரு ஆய்வாளர்கள் 1996 இல் விவரித்த முறை இது. ஈஸ்ட்ரஜன் என்ற பெண் ஓமோனை ஏற்கும் மனித வாங்கிக்கான பரம்பரை அலகு இந்த மதுவத்துக்குள் வைக்கப்பட்டிருக்கிறது. வாங்கி தூண்டப்பட்டால் மதுவம் ஒரு நொதியத்தைச் சுரக்கும். அந்த நொதியம் சுற்றியுள்ள மஞ்சள் சாயத்தைச் சிவப்பாக்கும். சில நாள் காத்திருந்தால் போதும், நிறத்தைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

தண்ணீரை அப்படியே ஊற்றினால் பயனில்லை, இருப்பது மிகச் சொற்பமாக இருக்கும். ஒரு லீற்றர் அளவு தண்ணீரை உறிஞ்சு பொருள் நிரப்பிய சிறு குழாய் வழியாக விட்டு, அதில் ஒட்டியதை மெதனோலால் கழுவிச் செறிவாக்குவார்கள். அப்புறம் அதைப் படிப்படியாக நீர்த்து 96 குழிகள் உள்ள தட்டில் இடுவார்கள். பக்கத்திலேயே அளவு தெரிந்த உண்மையான ஈஸ்ட்ரஜன் ஒரு வரிசையில் இருக்கும். எந்த அளவு எவ்வளவு சிவக்கிறது என்று ஒப்பிட அதுதான் அளவுகோல்.

சிவக்கவில்லை என்றவுடன் நிம்மதி அடையக்கூடாது. நஞ்சு மதுவத்தையே கொன்றிருந்தாலும் நிறம் மாறாது. அதனால் கலங்கலை அளந்து மதுவம் வளர்ந்ததா என்றும் பார்ப்பார்கள். மதுவத்துக்கு ஈரலும் இல்லை. மெதொக்சிகுளோர் என்ற பூச்சிகொல்லி நம் ஈரலில் மாறிய பிறகுதான் ஈஸ்ட்ரஜன் போல வலுவாக நடிக்கிறது; அப்படிப்பட்டதை மதுவம் தவறவிடக்கூடும். தடுக்கும் இரசாயனத்தைப் பிடிக்க வேண்டுமானால், ஓமோனையும் மாதிரியையும் சேர்த்து இட்டு, சிவப்பு மங்குகிறதா என்று பார்க்க வேண்டும். இதற்கெல்லாம் அடுத்த படியாக, ஆண் மீனின் இரத்தத்தில் முட்டைக் கருவுக்கான புரதம் தோன்றுகிறதா என்று பார்க்கும் சோதனைகளும் உண்டு.

ஈஸ்ட்ரஜன் கிடைத்தால் பெருகும் மார்பகப் புற்றுநோய்க் கலங்களைக் கொண்டும் சோதிக்கலாம். இலங்கை 1998 இல் தடைசெய்த எண்டோசல்பான் என்ற பூச்சிகொல்லி அந்தக் கலங்களைப் பெருக்கியதை அமெரிக்காவில் ஆய்வாளர் அனா சோட்டோவின் குழு 1994 இலேயே காட்டியிருந்தது. இங்கே தடைக்குக் காரணமாக இருந்தவை நஞ்சு மரணங்கள். ஓமோன் கதை அல்ல.

அதே சோட்டோவும் அவரோடு ஆய்வு செய்த சொனென்ஷைனும் அதற்கு முன்பே பொஸ்டனில் ஒருமுறை திகைத்துப் போனார்கள். ஈஸ்ட்ரஜன் இடாத கலங்களும் பெருகிக்கொண்டிருந்தன. நீண்ட தேடலுக்குப் பிறகு, பிளாஸ்டிக் குழாயிலிருந்து கசிந்த நொனைல்பீனோல் என்ற இரசாயனம்தான் காரணம் என்று கண்டு 1991 இல் வெளியிட்டார்கள்.

அதனால் பீலித் தண்ணீர் பிடிக்கப் போகிறவர் பிளாஸ்டிக் போத்தலைத் தொடக்கூடாது. நன்றாகக் கழுவிய கண்ணாடிப் போத்தல் வேண்டும். ஆய்வுகூடத்துச் சுத்தமான தண்ணீர் நிரப்பிய இன்னொரு கண்ணாடிப் போத்தலையும் மலைக்கு எடுத்துப்போய், அங்கே ஒருமுறை திறந்து மூடி, திரும்பக் கொண்டுவர வேண்டும். அதுவும் சிவந்தால், பீலியைக் குறை சொல்ல முடியாது. முதலிலிருந்து மறுபடி தொடங்க வேண்டியதுதான்.