பத்து அங்குல ஸ்பீக்கர் எல்லாம் ஒன்றல்ல

சென்னை ரிச்சி தெருவில் எந்த மின்னணுக் கடையில் ஏறிப் பத்து அங்குல ஸ்பீக்கர் கேட்டாலும், "எத்தனை வாட்?" என்றுதான் முதலில் கேட்பார்கள். பேஸ் கிதாரின் ஒலிபெருக்கிப் பெட்டிக்குள் பழையதற்குப் பதிலாகப் போகப்போகிற ஸ்பீக்கருக்கு அது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி.

நான்கு தந்தி பேஸ் கிதாரின் அடித்தந்தி நொடிக்கு 41 முறை, அதாவது 41 ஹெர்ட்ஸில், அதிர்கிறது; ஐந்து தந்திக் கருவியில் 31 முறை. இவ்வளவு தாழ்ந்த ஒலிக்கு நிறையக் காற்றைத் தள்ள வேண்டும். அதே சத்தத்தைப் பாதி அதிர்வெண்ணில் பெற, ஸ்பீக்கரின் முன்னே அதிரும் கூம்பான கோன் நான்கு மடங்கு தூரம் போய்வர வேண்டும். பத்து அங்குலக் கோனின் பயன்படும் பரப்போ சுமார் 350 சதுர சென்டிமீட்டர். அதோடு ஒட்டிய கம்பிச் சுருள் காந்தப்புலத்தின் பிடிக்குள் நகரக்கூடியது சில மில்லிமீட்டர்தான். அதைத் தாண்டினால் ஒலி சிதையும். மேலும் தாண்டினால் சுருள் பின்தகட்டில் போய் 'டக்'கென்று இடிக்கும்.

ஸ்பீக்கரின் முதுகில் அச்சிட்ட வாட் இதையெல்லாம் சொல்வதில்லை. சுருள் கருகாமல் எவ்வளவு சூட்டைத் தாங்கும் என்பதற்கான எண் அது. ஒரு வாட் கொடுத்து ஒரு மீட்டர் தள்ளி அளந்தால் 97 டெசிபல் தருகிற நல்ல ஸ்பீக்கர்கூட, வாங்கும் மின்சக்தியில் ஏறக்குறைய 3 சதவீதத்தைத்தான் ஒலியாக்குகிறது. மீதி அநேகமாக முழுவதும் சூடு. 300 வாட் என்று எழுதிய ஸ்பீக்கர், தாழ்ந்த சுரங்களில் அதில் பாதியை எட்டும் முன்பே கோனின் எல்லையைத் தொட்டுவிடக்கூடும். தவிர, 97 டெசிபல் ஸ்பீக்கரின் சத்தத்தை 94 டெசிபல் ஸ்பீக்கரில் பெற இருமடங்கு வாட் கொடுக்க வேண்டும். கூடுதல் வாட் ஸ்பீக்கர் போட்ட பிறகு சத்தம் குறைந்துவிட்டது என்று மெல்லிசைக் குழுக்காரர் ஒருவர் புலம்பினால், அதில் மர்மம் ஒன்றுமில்லை.

இனி பெட்டிக்கு வருவோம். கோனின் முன்பக்கம் எழும் ஒலியும் பின்பக்கம் எழும் ஒலியும் ஒன்றுக்கொன்று எதிரானவை; கலந்தால் தாழ்ந்த சுரங்கள் காணாமல் போகும். பெட்டி அவற்றைப் பிரித்து வைக்கிறது. அதைவிட முக்கியமான வேலை ஒன்றும் அதற்கு உண்டு. முழுக்க மூடிய பெட்டியில், கோன் உள்ளே வரும்போது காற்று அமுங்கி அதைத் திருப்பித் தள்ளுகிறது. கோனைத் தாங்கும் மடிப்புகள் ஒரு ஸ்பிரிங் என்றால், இந்தக் காற்று இரண்டாவது ஸ்பிரிங். மடிப்புகளின் நெகிழ்ச்சியை, அதே நெகிழ்ச்சி கொண்ட காற்றின் கொள்ளளவாக லிட்டரில் சொல்வது வழக்கம். தயாரிப்பாளரின் தாளில் விஏஎஸ் என்று இருக்கும்.

தனியாக வைத்தால் 45 ஹெர்ட்ஸில் ஒத்ததிரும் (இயல்பாகவே எளிதில் ஆடும்) ஸ்பீக்கர் ஒன்றின் விஏஎஸ் 90 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். பெட்டியில் அதற்குக் கிடைக்கும் இடம் 30 லிட்டர். 90-ஐ 30-ஆல் வகுத்து, ஒன்றைக் கூட்டி, வர்க்கமூலம் எடுத்தால் 2 வரும். ஆக, ஒத்ததிர்வு 90 ஹெர்ட்ஸுக்கு ஏறிவிடும். அதற்குக் கீழே ஒவ்வொரு ஸ்தாயிக்கும் (அதிர்வெண் பாதியாகும் ஒவ்வொரு முறைக்கும்) 12 டெசிபல் வீதம் ஒலி சரியும். அடித்தந்தியின் 41 ஹெர்ட்ஸ் ஒரு ஸ்தாயிக்கும் கீழே கிடக்கிறது.

முன்பலகையில் துளையோ குழாயோ உள்ள பெட்டியின் கதை வேறு. காலி பாட்டிலின் வாயில் ஊதினால் ஒரு சுரம் எழுகிறதே, அதே இயற்பியல்தான்: கழுத்துக் காற்று எடை, வயிற்றுக் காற்று ஸ்பிரிங். பெட்டியின் இந்தச் சுருதியில் கோன் ஏறக்குறைய அசையாமல் நிற்கும். ஒலியைக் குழாய் தரும். சுருதிக்குக் கீழே போனால் பெட்டியின் பிடி விட்டுப்போகும். 50 ஹெர்ட்ஸைச் சுருதியாகக் கொண்ட பெட்டியில் ஐந்தாம் தந்தியின் 31 ஹெர்ட்ஸைப் பலமாக வாசித்தால் கோன் படபடக்குமே தவிர ஒலி வராது. ஸ்பீக்கரை மாற்றினால் இந்தச் சுருதி பெரிதாக மாறாது; அதனோடு ஒத்துப்போகாத ஸ்பீக்கர்தான் ஒரு சுரத்தில் உறுமி அடுத்ததில் அடங்கும். எது ஒத்துப்போகும் என்று கணக்கிட வழி செய்தவர்கள் 1961-இல் நெவில் தீல், 1970களில் ரிச்சர்ட் ஸ்மால் என்ற பொறியாளர்கள். அவர்கள் வகுத்த, விஏஎஸ் போன்ற அளவுகளைத் தராத ஸ்பீக்கரை, விலை எவ்வளவு குறைவானாலும், நான் வாங்கமாட்டேன்.

அப்படியானால் ஆழமாக இறங்கும் கார் சப்-வூஃபரையே போட்டுவிடலாமா? கூடாது. உண்மையில் பெரும்பாலான பேஸ் பெட்டிகள் 41 ஹெர்ட்ஸை முழுமையாகத் தருவதே இல்லை. அதன் மேற்சுரங்களான 82, 123 ஹெர்ட்ஸ் தெளிவாகக் கேட்டால் போதும், அடிச்சுரத்தைக் காதும் மூளையும் தாமே கட்டிக்கொள்ளும். இளையராஜாவின் 1980களின் பாடல்களில் தனி மெட்டாகவே ஓடும் பேஸ் கிதார் சின்ன ரேடியோவிலும் பிடிபட இதுவும் ஒரு காரணம். கனத்த கோனும் குறைந்த உணர்திறனும் (அதே வாட்டுக்குக் குறைந்த சத்தமும்) கொண்ட கார் சப்-வூஃபர், விரல் தந்தியைச் சுண்டும் அந்தத் தெளிவைத்தான் முதலில் விழுங்கும்.

ஓம் கணக்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இரண்டு 8 ஓம் ஸ்பீக்கர்களைப் பக்க இணைப்பில் இணைத்தால் 4 ஓம். நான்கை அப்படி இணைத்தால் 2 ஓம். பல ஆம்ப்ளிஃபயர்கள் 4 ஓமுக்குக் கீழே தாங்கா. மல்டிமீட்டரில் 8 ஓம் ஸ்பீக்கர் சுமார் 6 என்று காட்டினால் பயப்பட வேண்டாம், அது நேர்மின்னோட்டத்துக்கான தடை மட்டும். இரண்டில் ஒன்று பழுதானால் அதே மாதிரியைப் போடுங்கள். இல்லையேல் இரண்டையும் மாற்றுங்கள்.

கழற்றும்போது சென்னையின் ஈரக்காற்று செய்த வேலை தெரியும். பச்சை பூத்த இணைப்பு முனைகளைச் சுரண்டித் துடைக்க வேண்டும். பெட்டி மரத்தூள் பலகையால் ஆனது என்றால் திருகுத் துளைகள் ஊறி உதிர்ந்திருக்கும். பலகையின் பின்புறம் டி-நட் (பலகையில் பதியும் உலோக மரை) பதித்து போல்ட் போடுவதே நிரந்தரத் தீர்வு. ஒன்றரை வோல்ட் பேட்டரியின் எதிர்முனையை ஸ்பீக்கரின் மற்ற முனையில் இணைத்து, நேர்முனையைச் சிவப்பு முனையில் ஒரு கணம் தொட்டு எடுங்கள். எல்லாக் கோன்களும் ஒரே திசையில் நகர வேண்டும். ஒன்று மட்டும் எதிர்த்திசையில் போனால் அதன் கம்பிகளை மாற்றி இணைக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒன்றின் ஒலியை மற்றொன்று அழித்துவிடும். கடைசியாக, அடித்தந்தியை மிதமான சத்தத்தில் நீட்டி வாசித்துக்கொண்டே விளிம்புகளின் அருகில் கையை வையுங்கள். எங்காவது 'புஸ்'ஸென்று காற்று வந்தால், ஸ்பீக்கரைக் கழற்றி விளிம்பில் ஒரு சுற்று ஸ்பாஞ்ச் டேப் ஒட்டி மறுபடி முடுக்கினால் நின்றுவிடும்.