சோழிக்கு பாலிஷ் போட்டது யாரு?

பாண்டி பீச் ரோட்டுல சோழி மாலை வாங்கின ஒருத்தர் "இதுக்கு என்ன வார்னிஷ் அடிக்கிறாங்க, கழுவினா போயிடுமா"ன்னு கேட்டிருந்தாங்க. நல்ல சோழின்னா வார்னிஷே தேவையில்லங்க, சோப்புத் தண்ணில தாராளமா கழுவலாம், எலுமிச்சம்பழம், வினிகர் மட்டும் வேணாம், ஓடு கால்சியம் கார்பனேட், ஆசிட் பட்டா கரைஞ்சு மங்கிடும்.

அந்த மினுமினுப்பு உள்ள வாழ்ந்த நத்தையோட வேலை. பெரும்பாலான நத்தைகளுக்கு ஓட்டோட வெளிப்பக்கம் திறந்தே கிடக்கும், பாசி ஏறும், உரசும், சொரசொரன்னு ஆயிடும். சோழி அப்படி விடாது, மேன்டில்ங்கிற சதையை ஓட்டோட வாய், அதாவது அடிப்பக்கத்து நீளப் பிளவு வழியா ரெண்டு பக்கமும் வெளிய நீட்டி, ஓட்டு மேல ஏத்தி, மொத்தமா மூடிக்கும். மூடினபடியே வெளிப்பக்கத்துல மெல்லிசு மெல்லிசா புதுப் படலம் போட்டுக்கிட்டே இருக்கும், நாம பாக்குற புள்ளி, வரி, நிறம் எல்லாம் அந்தப் படலங்களுக்குள்ளதான் இருக்கு. முழுச் சோழி ஒண்ணை வெளிச்சத்துல சாய்ச்சுப் பாருங்க, நிறைய சோழியில முதுகு மேல நீளவாக்குல வெளிறின கோடு ஒண்ணு ஓடும், இடப்பக்கத்து சதையும் வலப்பக்கத்து சதையும் வந்து சந்திச்ச இடம் அது! வளர்ற உடம்பு தன் வேலையோட தையலை இவ்ளோ தெளிவா விட்டுட்டுப் போறது எனக்கு எத்தனை தடவை பாத்தாலும் சலிக்காது.

இன்னொண்ணு, குட்டிச் சோழியைப் பாத்தா சோழின்னே சொல்ல மாட்டீங்க, வாய் அகலமா, ஓடு மெலிசா சாதாரண நத்தை மாதிரி இருக்கும். வளர்ந்ததும் அந்த வாயோட உதடு உள்பக்கமா சுருண்டு பல்லு மாதிரி மேடுகள் முளைக்கும், அதுக்கப்புறம் நீளம் கூடாது, தடிமன் மட்டும்தான் கூடும்.

மணியா கோர்க்கிறவங்க முதுகைத்தான் தேய்ப்பாங்க. ஓடு அராகோனைட்ங்கிற கால்சியம் கார்பனேட் படிகம், கீறலை எவ்ளோ தாங்கும்னு சொல்ற மோஸ் அளவுல அதோட கடினம் 3.5-ல இருந்து 4, மணல்ல இருக்கிற குவார்ட்ஸ் 7, அதனால தண்ணி விட்டு மணற்கல்லுல தேய்ச்சாலே ஓட்டை விழுந்துடும், வாய் வழியா நூலை விட்டு அந்த ஓட்டையில எடுத்துடலாம், தேய்ச்ச பக்கம் தட்டையா துணியில படிஞ்சு உக்காரும். தேய்க்கும்போது சிதறாததுக்குக் காரணம், உள்ள படிகங்கள் பிளைவுட் மாதிரி அடுக்குக்கு அடுக்கு திசை மாறி இருக்கிறதுதான், விரிசல் நேரா ஓட முடியாது. கடலூர் தேவனாம்பட்டினம் கரையில ஒதுங்கிற ஓடுகள் மங்கிக் கிடக்கிறதும் இதே மணலாலதான்.

சோழி உருட்டி குறி சொல்றதுல எனக்கு துளியும் நம்பிக்கை இல்ல. வாய் மேல விழுமா கீழ விழுமாங்கிறது ஓட்டோட வடிவம், எடை எங்க இருக்கு, இதைப் பொறுத்தது, முதுகை அறுத்துட்டு உருட்டினா விழுற கணக்கே மாறிடும், அதுல உங்க ராசி எங்க வந்துச்சு?

கவலைப்பட வேண்டியது வேற. செத்து அலையில உருண்ட ஓட்டுக்கு மினுமினுப்பு தங்காது, அப்போ கடையில பளபளன்னு தொங்குறதுல பெரும்பாலானது உயிரோட பிடிச்சதுதான். எந்த இனம், எந்தக் கடல்ல இருந்து, எவ்ளோ எடுக்கிறாங்கன்னு தொடர்ந்து கணக்கெடுக்கணும். பரங்கிப்பேட்டையில அண்ணாமலை பல்கலைக்கழகத்தோட கடல் உயிரியல் மையம் பக்கத்துலயே இருக்கு, இந்த மாதிரி பொறுமையான வேலைக்கு அரசாங்கம் வருஷா வருஷம் காசு ஒதுக்கணும்.