திருடன் போகாத வீடுகளில் பயம்

தெருவில் ஒரு வீட்டில் திருடன் புகுந்துவிட்டான் என்று வைத்துக்கொள்வோம். அன்றிரவு தாழ்ப்பாளை இரண்டு முறை இழுத்துப் பார்ப்பது அந்த வீட்டார் மட்டுமல்ல, தெரு முழுவதும்தான். மற்ற வீடுகளுக்குத் திருடன் போகவில்லை, சேதி போயிருக்கிறது.

சிகாகோ, பிலடெல்பியா, சான் பிரான்சிஸ்கோ ஆகிய மூன்று அமெரிக்க நகரங்களில் இதை ஆராய்ந்த வெஸ்லி ஸ்கோகனும் மைக்கேல் மேக்ஸ்ஃபீல்டும் 1981-இல் தங்கள் முடிவுகளை வெளியிட்டார்கள். குற்றத்துக்கு நேரடியாக ஆளானவர்கள் சிலர்தான். அப்படிப்பட்டவரைத் தெரிந்தவர்களோ ஏராளம். அக்கம்பக்கத்தோடு நன்றாகப் பழகுகிறவர்கள் காதில் இந்தக் கதைகள் அதிகம் விழுந்தன, கேட்டவர்களுக்குப் பயமும் அதிகம். கேள்விப்படவும் ஆள் வேண்டும் அல்லவா! சைக்கிள் களவு போனதை யாரும் சுமந்துகொண்டு போவதில்லை. மூதாட்டியைத் தள்ளிவிட்டுப் பையைப் பறித்த கதைதான் நாலு தெரு தாண்டும்.

அப்படியானால் யாரோடும் பேசாமல் இருந்துவிடலாமா? அதுவும் சரிவராது. சமூகவியலாளர் ராபர்ட் சாம்ப்சன் குழுவினர் 1995-இல் சிகாகோவின் 343 குடியிருப்புப் பகுதிகளில் 8,782 பேரிடம் கேட்டார்கள்: பள்ளிக்கு மட்டம் போட்டுவிட்டுப் பிள்ளைகள் தெருமுனையில் நின்றால் உங்கள் அக்கம்பக்கத்தார் ஏதாவது செய்வார்களா? சுவரில் கிறுக்கினால்? வீட்டு வாசலில் அடிதடி நடந்தால்? ‘செய்வார்கள்’ என்று நம்பிய பகுதிகளில் வன்முறை குறைவாக இருந்தது. வறுமையைக் கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகும் இந்த வேறுபாடு மறையவில்லை. அக்கம்பக்கத்தார் தலையிடுவார்கள் என்ற இந்த நம்பிக்கைக்கு அவர்கள் வைத்த பெயரைத் தமிழில் ‘கூட்டுத் திறன்’ எனலாம். நெருங்கிய நட்போ உறவோ இதற்குக் கட்டாயமில்லை. பெயர் தெரியாத எதிர்வீட்டுக்காரர்கூட ‘டேய், யாருடா அது?’ என்று குரல் கொடுப்பார் என்ற நம்பிக்கை போதும்.

அதே ஆய்வின் இன்னொரு பகுதிதான் எனக்கு அதிகம் உறுத்துகிறது. இருபுறமும் வீடியோ கேமரா பொருத்திய வண்டி ஒன்று, நடக்கும் வேகத்தில், 23,000-க்கும் மேற்பட்ட தெருத் துண்டுகளைப் பதிவு செய்தது. உடைந்த பாட்டில், குப்பை, சுவர்க் கிறுக்கல் எல்லாவற்றையும் எண்ணினார்கள். பிறகு, ‘உங்கள் பகுதி எவ்வளவு சீர்கெட்டிருக்கிறது?’ என்று குடியிருப்போர் சொன்னதோடு ஒப்பிட்டார்கள். கேமரா கண்ட சீர்கேடு ஒரே அளவாக இருந்தபோதும், கறுப்பினத்தவரும் ஏழைகளும் அதிகம் வாழும் பகுதிகளில் அது கூடுதலாகவே தெரிந்திருக்கிறது. வெள்ளையர் கண்ணுக்கு மட்டுமல்ல, அங்கேயே குடியிருக்கும் கறுப்பினத்தவர் கண்ணுக்கும்தான்.