ஷூரிட்டி பாண்ட்: பிரீமியம் கட்டுவது கான்ட்ராக்டர், பாதுகாப்பு யாருக்கு?

மதுரை, திருமங்கலம், மேலூர் பக்கத்து சிவில் கான்ட்ராக்டர்கள் மத்திய அரசு டெண்டர்களில் 'இன்சூரன்ஸ் ஷூரிட்டி பாண்ட்' என்ற வரியை இப்போது பார்க்கிறார்கள். கான்ட்ராக்டர் வேலையை முடிக்காவிட்டால் பணம் தருவதாகக் காப்பீட்டு நிறுவனம் எழுதிக்கொடுக்கும் பத்திரம் இது. வங்கி தரும் அதே மாதிரி உத்தரவாதமான பேங்க் கேரண்டிக்குப் பதிலாக இதையும் தரலாம் என்று 2022 பிப்ரவரியில் மத்திய அரசின் பொது நிதி விதிகள் திருத்தப்பட்டன. பேங்க் கேரண்டிக்கு வைப்பதுபோல் எஃப்டியில் பணம் முடங்காது என்பதால் பலருக்கு இதில் ஆர்வம். அது நியாயமான ஆர்வம்தான். ஆனால் "இன்சூரன்ஸ் போட்டாச்சு, ஏதாவது ஆனால் கம்பெனி பார்த்துக்கும்" என்று நம்பிக் கையெழுத்துப் போடுவது பெரிய ஆபத்து.

சட்டப்படி இது ஓர் உத்தரவாத ஒப்பந்தம். 2022 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்த ஐ.ஆர்.டி.ஏ.ஐ. (காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம்) வழிகாட்டுதல்கள், 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 126வது பிரிவை வைத்துத்தான் இதை வரையறுத்தன. வேலை எடுத்தவர், வேலை கொடுத்த துறை, பொறுப்பேற்கும் பொதுக் காப்பீட்டு நிறுவனம் என மூன்று தரப்பு. பிரீமியம் கட்டுவது நீங்கள், பாதுகாப்புக் கிடைப்பது வேலை கொடுத்த துறைக்கு.

4 கோடி ரூபாய் வேலைக்கு 5 சதவீத பெர்ஃபார்மன்ஸ் செக்யூரிட்டி (வேலையை ஒழுங்காக முடிப்பதற்கான பிணை) என்று வைத்துக்கொள்வோம். அதற்கு 20 லட்சத்துக்குப் பாண்ட் கொடுத்திருக்கிறீர்கள். வேலை பாதியில் நின்று, துறை ஒப்பந்தத்தை ரத்து செய்து பாண்டைக் கோருகிறது. நிறுவனம் 20 லட்சத்தைத் துறைக்குக் கட்டிவிட்டு, அதே பணத்தை உங்களிடம் கேட்கும். ஒப்பந்தச் சட்டத்தின் 145வது பிரிவே அந்த உரிமையைத் தருகிறது. பாண்டுக்கு முன் நீங்கள் கையெழுத்திடும் இண்டெம்னிட்டி ஒப்பந்தம் (நிறுவனத்தின் இழப்பை ஈடுகட்டுவதாக எழுதிக்கொடுப்பது) வட்டியையும் வழக்குச் செலவையும் சேர்த்துக் கேட்க வழி வைத்திருக்கும். அண்ணன் தம்பி நடத்தும் பார்ட்னர்ஷிப் என்றால் ஒவ்வொருவரும் தனிப்பட்ட முறையிலும் கையெழுத்திட வேண்டியிருக்கும். நடுவில் விலகிய தம்பி, எழுத்து மூலம் விடுவிப்பு வாங்காவிட்டால், ஏற்கெனவே கொடுத்த பாண்டுகளுக்குப் பொறுப்பாளிதான். பலரும் படிக்காமல் புரட்டிவிடும் தாள் இந்த இண்டெம்னிட்டி ஒப்பந்தம்தான்.

பிட் செக்யூரிட்டி (டெண்டர் போடும்போது தரும் பிணை), பெர்ஃபார்மன்ஸ், முன்பணம், ஆர்.ஏ. பில்லில் (வேலை நடக்கும்போதே போடும் இடைக்கால பில்) பிடித்து வைக்கும் ரிடென்ஷன் தொகை, சுங்கம், நீதிமன்றம் ஆகியவற்றுக்கான பாண்டுகள் இதில் அடங்கும். வங்கிக் கடனைத் திருப்பிக் கட்டுவதற்கான கேரண்டி அடங்காது. ஒரு பாண்ட் ஒரு குறிப்பிட்ட வேலைக்கு மட்டுமே. நான்கு வேலைகளைச் சேர்த்து ஒன்றாக எடுக்க முடியாது. மாநிலத் துறை, மாநகராட்சி டெண்டர் என்றால் ஏற்கப்படும் டெபாசிட் வகைகளின் பட்டியலில் இது இருக்கிறதா என்று பார்த்த பிறகே பிரீமியம் கட்டுங்கள்.

விண்ணப்பத்துக்கு மூன்று ஆண்டு ஆடிட் செய்த கணக்கு, ஐ.டி., ஜி.எஸ்.டி. ரிட்டர்ன், கையிலுள்ள வேலைகளின் நிலுவை மதிப்பு, வங்கி லிமிட் விவரம் எல்லாம் தயாராக இருக்கட்டும். நிறுவனம் எடைபோடுவது உங்கள் வேலை முடிக்கும் திறனை. கணக்கு பலவீனமாக இருந்தால் இங்கேயும் அடமானம் கேட்பார்கள்.

அதிகம் சிக்கல் வருவது வேலை நீளும்போது. பொது நிதி விதிகளின்படி பெர்ஃபார்மன்ஸ் செக்யூரிட்டி, வாரண்டி உட்பட எல்லாப் பொறுப்பும் முடிந்து 60 நாள் வரை செல்ல வேண்டும். காலநீட்டிப்பு ஆணை வாங்கிவிட்டு பாண்டை நீட்டிக்க மறந்தால், காலாவதிக்கு முன் துறை "பாண்டை நீட்டிக்க வேண்டும், இல்லையேல் பணம் கட்டு" என்று நிறுவனத்துக்கு எழுதிவிடும். கூடுதல் வேலை, அளவு மாற்றம் வந்தாலும் சிக்கல்தான். ஒப்பந்தச் சட்டத்தின் 133வது பிரிவுப்படி, உத்தரவாதம் தந்தவர் சம்மதிக்காமல் ஒப்பந்த நிபந்தனையை மாற்றினால், அதன் பிறகான பரிவர்த்தனைகளுக்கு அவர் பொறுப்பிலிருந்து விடுபடுகிறார். சில பாண்டு வாசகங்கள் இந்த உரிமையை விட்டுக்கொடுக்கும், சில விட்டுக்கொடுக்காது. அதனால் மாற்ற ஆணை கைக்கு வந்ததும் நகலை நிறுவனத்துக்கு அனுப்பி எண்டார்ஸ்மென்ட் (மாற்றத்தை ஏற்று பாண்டில் சேர்க்கும் குறிப்பு) வாங்கிவிடுங்கள்.

'கோரியவுடன், நிபந்தனையின்றி' என்று பாண்டில் இருந்தால், தவறு யாருடையது என்ற விசாரணைக்கெல்லாம் நிறுவனம் காத்திருக்காது. உங்கள் தரப்பு நியாயத்தைப் பிறகு ஆர்பிட்ரேஷனிலோ (நடுவர் விசாரணை) நீதிமன்றத்திலோதான் சொல்ல முடியும். சைட் கைக்கு வர ஏற்பட்ட தாமதம், டிராயிங் வராத நாட்கள் எல்லாவற்றுக்கும் அன்றன்றே கடிதம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான முத்திரை வாங்கிவைப்பது இதற்காகத்தான்.

வேலை முடிந்ததும் துறையிடமிருந்து ஒரிஜினல் பாண்டையும் விடுவிப்புக் கடிதத்தையும் வாங்கி நிறுவனத்திடம் ஒப்படையுங்கள். அதுவரை அந்த 20 லட்சம், நிறுவனம் உங்களுக்கு வைத்திருக்கும் பாண்ட் லிமிட்டில் கழிந்தே நிற்கும். அடுத்த டெண்டருக்குப் பாண்ட் கேட்கும்போது அந்த அளவுக்கு இடம் குறையும்.