பாசி பகல்ல குடுக்கும், ராத்திரி திருப்பி வாங்கிக்கும்

எங்க ஃபிளாட் மொட்டை மாடில தண்ணி டேங்க் மூடி காத்துல பறந்துடுச்சு, ரெண்டு வாரம் யாருமே பாக்கல, அப்புறம் எட்டிப் பாத்தா உள்ள சுவரெல்லாம் வழவழன்னு பச்சைப் பாசி. யார் விதை போட்டா? இதுக்கு விதையே கெடையாதுங்க. கண்ணுக்குத் தெரியாத செல்லு காத்துலயோ தண்ணிலயோ வந்து சேரும், வெயில் பட்டா பிரிஞ்சு பிரிஞ்சு பெருகும். டேங்க்கை கருப்பா செய்றதுக்கு ஒரு காரணமே உள்ள வெளிச்சம் போகக்கூடாதுங்கறதுதான்.

வேரு, தண்டு, இலை எதுவும் இல்லாட்டியும் செடி பண்ற சமையல இதுவும் பண்ணும், வெயிலு, தண்ணி, கார்பன் டை ஆக்சைடு வெச்சு சர்க்கரை செஞ்சுட்டு ஆக்சிஜனை வெளிய விட்டுடும். உலகத்துல உருவாகுற ஆக்சிஜன்ல ஏறக்குறைய பாதி கடல்லேந்து வருது, பெரும்பாலும் இந்த மாதிரி குட்டி உயிருங்களாலதான். காசிமேட்டுல நீங்க பேரம் பேசுற வஞ்சிரம் நெத்திலிய தின்னு வளந்தது, நெத்திலி தண்ணில மிதக்குற பொடி உயிருங்கள தின்னுது, அந்தக் கணக்கு கடைசில பாசிலதான் போய் நிக்கும்.

சிக்கல் எங்கன்னா, ஏரில சாக்கடை கலந்தா நைட்ரஜன், பாஸ்பரஸ் எல்லாம் அதுக்கு உரம் மாதிரி, தண்ணி பச்சைக் குழம்பா ஆயிடும். (ஆகாயத்தாமரைய பாசின்னு சொல்லாதீங்க, அது பூ பூக்குற செடி.) பகல்ல பிரச்சனை தெரியாது. ராத்திரி வெயில் இல்ல, சமையல் நின்னுடும், ஆனா பாசியும் மூச்சு விடணுமே, மீனு மூச்சுக்கு எடுக்குற அதே ஆக்சிஜன்ல அதுவும் பங்கு கேக்கும். செத்த பாசிய அழுக வைக்கிற பாக்டீரியாவும் பந்தில வந்து உக்காந்துடும். அதான் விடிகாலைல மீனெல்லாம் மேல வந்து வாயத் தொறந்து தொறந்து மூடுது. செத்து மிதந்தா உடனே எவனோ விஷம் கலந்துட்டான்னு பேசுவோம், சில சமயம் அதுவும் உண்டுதான், ஆனா பல தடவ விஷமே தேவைப்படாது.

2019 ஆகஸ்ட்ல பெசன்ட் நகர், திருவான்மியூர் பீச்ல அலை நீலமா மின்னுச்சே, ஞாபகம் இருக்கா? அது நாக்டிலூகா, ஒத்தை செல்லு, அலை அடிச்சா மின்னும். அதை பாசிக் கணக்குல சேத்தாலும், மத்த பாசிய புடிச்சுத் தின்னுற ஆளு. அடுத்த மாசமே மன்னார் வளைகுடாவுல அதோட பச்சை ரகம் எக்கச்சக்கமா பெருகி, தண்ணில ஆக்சிஜன் எறங்கி, மீனோட சேந்து பவளமும் செத்துப்போச்சு.