இலை விற்ற ஊரும் பூங்கா கட்டிய ஊரும்

கிராமத் தொழில்களுக்கான கடன் விண்ணப்பங்களைப் பரிசீலிப்பது என் வேலை. திட்ட அறிக்கையைப் பிரித்தால் ஷெட்டுக்கு இவ்வளவு, மெஷினுக்கு இவ்வளவு என்று பைசா சுத்தமாகக் கணக்கு இருக்கும். சரக்கை யார் வாங்குவார்கள் என்ற இடத்தில் மட்டும் 'உள்ளூர்ச் சந்தை' என்று ஒற்றை வரி. இளவட்டங்கள் எல்லாம் வெளியேறிவிட்ட ஊரில் உள்ளூர்ச் சந்தைக்கு எங்கே போவது?

இந்தச் சிக்கலை நமக்கு வெகு முன்பே சந்தித்த நாடு ஜப்பான். அங்கே ஷிகோகு தீவில் கமிகட்சு என்ற மலையூர் இருக்கிறது. மக்கள்தொகை சுமார் 1,400. பாதிப் பேருக்கு மேல் 65 வயதைத் தாண்டியவர்கள். 1981-ல் அடித்த கடுங்குளிரில் ஊரின் பிழைப்பாக இருந்த ஆரஞ்சு மரங்கள் பட்டுப்போயின. விவசாயக் கூட்டுறவில் ஆலோசகராக இருந்த யோகோயிஷி தொமோஜி, உணவகங்களில் சாப்பாட்டுத் தட்டை அலங்கரிக்க வைக்கும் இலைகளை விற்கலாம் என்று 1986-ல் ஆரம்பித்தார். காட்டில் சும்மா கிடக்கும் இலைக்குக் காசா என்று ஊர் சிரித்தது.

முதலில் சரக்கு போகவில்லை. எந்த அளவு, எந்த நிறம், எந்த மாதத்துக்கு எந்த இலை என்பது ஊரில் ஒருவருக்கும் தெரியாது. யோகோயிஷி தன் கைக்காசைப் போட்டு விலையுயர்ந்த உணவகங்களுக்குப் போய், சாப்பிட்டுப் பார்த்துத் தெரிந்துகொண்டு வந்தார். (நம்மூர் வங்கியில் 'ஓட்டல் சாப்பாட்டுச் செலவு' என்று எழுதிக் கடன் கேட்டுப் பாருங்கள்!) கம்பெனி வந்தது அதற்கெல்லாம் அப்புறம்தான். இரோடோரி என்ற பெயரில் 1999-ல் தொடங்கினார்கள். பாட்டிமார் கணினியில் ஆர்டரைப் பார்த்து, முந்திக்கொண்டு 'நான் தருகிறேன்' என்று பதிவு செய்கிறார்கள். ஒரே அளவு மேப்பிள் இலைகளாகப் பொறுக்கி, சின்ன பிளாஸ்டிக் தட்டில் அடுக்கி அனுப்புகிறார்கள். விற்பனையில் தான் எத்தனையாவது இடம் என்பதும் திரையில் தெரியும். அந்தப் போட்டியில் வயதெல்லாம் யாருக்கு ஞாபகம்? ஆண்டு விற்பனை 20 கோடி யென்னைத் தாண்டியது. சரக்குக்குக் கனமில்லை என்பதால் வயதானவர்களுக்குத் தோதான தொழிலும்கூட.

ஜப்பானின் வடக்குத் தீவான ஹொக்கைடோவில் இருக்கும் யூபாரி நகரத்தின் கதை வேறு. நிலக்கரிச் சுரங்கங்கள் மூடப்பட்டதும், சுற்றுலா காப்பாற்றும் என்று நம்பி நகராட்சி கடனுக்கு மேல் கடன் வாங்கியது. பொழுதுபோக்குப் பூங்கா, பனிச்சறுக்கு மையம் எல்லாம் வந்தன. எதிர்பார்த்த கூட்டம்தான் வரவில்லை. 2007-ல் சுமார் 3,530 கோடி யென் கடனோடு நகராட்சியே திவாலானது. ஒரு காலத்தில் லட்சம் பேருக்கு மேல் வாழ்ந்த ஊரில் இப்போது 10,000 பேர்கூட இல்லை.

அதே நாட்டில் நிஷியவாகுரா என்ற காட்டுக் கிராமம் செய்தது எனக்குப் பிடித்த ஏற்பாடு. மரம் வெட்டும் இயந்திரங்கள் வாங்க, 2009-ல் ஒரு பங்கு 50,000 யென் என்று வெளியூர்க்காரர்களிடம் சின்னச் சின்னத் தொகையாகத் திரட்டியது. பணம் போட்டவருக்கு அந்தக் காட்டின் மேல் ஒரு கண் இருக்கும். அங்கிருந்து வரும் மரச்சாமானையும் வாங்குவார். அதே 2009-ல் ஜப்பான் அரசும், நகரத்து ஆட்களைச் சம்பளம் கொடுத்து மூன்று ஆண்டுவரை கிராமங்களில் வேலை செய்ய வைக்கும் திட்டத்தைத் தொடங்கியது. எல்லாரும் அங்கேயே தங்கிவிடுவதில்லை. ஆனாலும் கட்டடத்துக்குக் கொடுக்காமல் ஆளுக்குக் கொடுத்தார்களே, அது சரியான செலவு.

ஊருக்காகத் தொழில் தொடங்க விண்ணப்பிப்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: கடன் கேட்கும் முன்பே கொஞ்சம் சரக்கை வெளியூரில் விற்று, பில்லை இணையுங்கள். சந்தை தேடி அலைபவரின் சம்பளத்தையும் பயணச் செலவையும் தனித் தலைப்பில் போடுங்கள். மேலதிகாரி அதை அடிக்கப் பார்த்தால், ஷெட்டின் அளவைக் குறைத்துக்கொள்கிறேன் என்று சொல்லுங்கள்.